பள்ளிப் பறவைக் குழுவுக்கு நைக்கான் அக்குலான் ஏ211 8×42: எங்கே கைகொடுக்கும், எங்கே இடிக்கும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பறவை பார்க்கப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகும் பள்ளிகள் கூடிவருகின்றன. பள்ளிச் சுற்றுச்சூழல் குழுவான பசுமைப் படையின் பொறுப்பாசிரியர் முதலில் கேட்பது எந்த பைனாகுலர் வாங்குவது என்றுதான். பத்து பேரைக் கேட்டால் எட்டுப் பேர் 10×50 என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் பறவை பெரிதாகத் தெரியும் என்ற கணக்கு அது. மாணவர் கைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏழாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பள்ளி நிதியில் நான்கைந்தாவது வாங்கவேண்டும் என்றால், நைக்கான் அக்குலான் ஏ211 வரிசையில் 8×42 தான் எங்கள் தேர்வு. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்காக இதை வாங்கவே வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

8 என்பது உருப்பெருக்கம். எண்பது மீட்டர் தள்ளி மிதக்கும் நாமக்கோழி, பத்து மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வருகிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் அது. காலை ஆறேகால் மணிக்கு, வெயில் ஏறுமுன் குளத்தங்கரையில் நிற்கும்போது இந்த ஐந்து மில்லிமீட்டரின் அருமை தெரியும். சட்டைப்பையில் அடங்கும் 8×21 கருவியில் இதே கணக்கு 2.6 தான் வரும். அதில் கருவேல மரத்து நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் வக்காவின் சிவந்த கண் தெரியாது. பறவை ஒரு சாம்பல் மூட்டையாகத்தான் தெரியும். வால்பாறை, டாப்சிலிப் காட்டுக்குள் மரக்கிளைகள் வெளிச்சத்தை மறைக்கும் இடத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

பார்வைப் புலம் 8 பாகை (டிகிரி). 50 மீட்டர் தூரத்தில் ஏழு மீட்டர் அகலம் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். இதே வரிசையின் 10×50 கருவியில் புலம் 6.5 பாகைதான், அதே தூரத்தில் ஐந்தே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழகியவருக்கு அந்த ஒன்றேகால் மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. முதல் முறை கையில் பிடிக்கும் பிள்ளைக்கு, வேலி மேல் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான் அகப்படுவதும் அகப்படாமல் போவதும் அந்த இடைவெளியில்தான். அதோடு கை நடுக்கமும் பத்து மடங்கு பெருகும். 10×50 கருவியின் எடை ஏறத்தாழ 900 கிராம், 8×42 கருவியின் எடை 755 கிராம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை 900 கிராமை இரண்டு நிமிடம் கண்ணருகே தூக்கிப் பிடித்தால் மூன்றாம் நிமிடம் கை தாழ்ந்துவிடும்.

755 கிராமும் லேசு இல்லை. கூடவே வரும் கழுத்து வார் மெல்லியது, ஒரு மணி நேரத்தில் பிடரியை அறுக்கும். தோளில் குறுக்காகப் போகும் பட்டை வார் வாங்கி மாட்டிவிட்டால் பாரம் முதுகுக்கு இறங்கிவிடும். அது கிடைக்காவிட்டால் பழைய பள்ளிப்பையின் அகல வாரை வெட்டித் தைத்துக்கொள்ளலாம். வார் நீளம் கருவி மார்புக்குழியில் நிற்கிற அளவுக்கு இருக்கட்டும். வயிற்றுக்குத் தொங்கினால் நடக்கும்போது ஆடி, குனியும்போது கல்லில் இடிக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் எடை அல்ல, கண்களுக்கு இடையே உள்ள தூரம். இரண்டு குழல்களையும் எவ்வளவு நெருக்கினாலும் 56 மில்லிமீட்டருக்குக் கீழே இந்தக் கருவி வராது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குக் கண்மணிகளின் இடைவெளி அதைவிடக் குறைவு. வாங்குமுன் அளந்து பார்ப்பது சுலபம். பிள்ளை உங்கள் தோளுக்கு மேலாகத் தூரத்தில் ஒன்றைப் பார்க்கட்டும். நெற்றியில் ஸ்கேலை வைத்து, வலது கருவிழியின் வெளி ஓரத்திலிருந்து இடது கருவிழியின் உள் ஓரம்வரை அளந்தால் போதும். 56க்குக் கீழே வந்தால் அந்தப் பிள்ளைக்குக் குழல்களை எவ்வளவு மடக்கினாலும் இரண்டு வட்டம்தான் தெரியும். அவர்களுக்கு வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய ஆள்காட்டி, செண்பகம், கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி ஆகியவையே தாராளம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி பறவைகள் தோட்டத்திலேயே அறிமுகம்.

பிள்ளைகள் சொல்வதும் அதன் அர்த்தமும்

கருவியைக் கொடுத்த அடுத்த நிமிடம் புகார் வரும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு காரணம் உண்டு. ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தால் நடையில் அரை மணி மிச்சம்.

“ரெண்டு வட்டமாத் தெரியுதுங்க சார்.” குழல்களின் இடைவெளி சரியாக இல்லை. கருவியைக் கண்ணில் வைத்தபடியே இரண்டு குழல்களையும் மெதுவாக மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். இரண்டு வட்டமும் சேர்ந்து ஒன்றாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்று பேர் ஒரே கருவியை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் இதே பாடு. அதற்கு ஒரு வழி, நடுக் கீலில் மூவருக்கும் மூன்று நிற மார்க்கரால் கோடு போட்டுவிடுவது. அவரவர் கோட்டுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது.

“ஓரத்துல கறுப்பா வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க.” பிள்ளையின் கண், கருவியின் லென்ஸுக்கு மிக அருகிலோ மிகத் தள்ளியோ இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போடாத பிள்ளை ரப்பர் கிண்ணத்தைத் திருகி மேலே எழுப்பிக்கொள்ள வேண்டும், கண்ணாடி போட்ட பிள்ளை கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கருவியின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. லென்ஸிலிருந்து கண் நிற்க வேண்டிய தூரம் 12 மில்லிமீட்டர்தான். கண்ணாடி போட்டவருக்கு 15க்கு மேல் இருந்தால்தான் வட்டம் முழுதாகத் தெரியும். இதில் கிண்ணத்தை அடியோடு இறக்கினாலும் ஓரம் வெட்டிப்போகும். வெறும் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், போகஸ் சக்கரம் அதைச் சரிக்கட்டிவிடும். சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கான பவர்) கூடுதலாக உள்ளவர்களுக்கு அதுவும் உதவாது. வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் நிறைய என்றால் ஒன்றிரண்டு கருவியையாவது அதே நைக்கானின் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 ஆக வாங்குவது நியாயம். அதில் இந்தத் தூரம் 20 மில்லிமீட்டர், எடையும் ஏறத்தாழ 570 கிராம்தான். விலை கூடுதல், பார்வைப் புலம் 7.2 பாகை.

“ஒரு கண்ணுல தெளிவா இருக்கு, இன்னொன்னுல மங்கலா இருக்குங்க மிஸ்.” வலக்கண் குழலில் இருக்கும் திருத்து வளையத்தை யாரோ திருப்பிவிட்டார்கள். சரிசெய்ய ஒரு மின்கம்பத்து எண்ணையோ பெயர்ப் பலகையையோ பாருங்கள். வலது முன் கண்ணாடியை உள்ளங்கையால் மூடி, இடக்கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒரு கண்ணை இடுக்கி மூடச் சொல்லாதீர்கள். இடுக்கினால் திறந்த கண்ணும் சுருங்கும், அளவு தப்பும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளையம் நடுப்புள்ளியில் இருந்தாலே போதும். அங்கே வைத்து மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவதுதான் பள்ளிக்கு நல்லது.

“பறவை ரெண்டாத் தெரியுதுங்க, தலை வலிக்குது.” இது மேலே சொன்ன இரண்டு வட்டம் அல்ல. வட்டம் ஒன்றாகத்தான் இருக்கும், அதற்குள் கொக்கு மட்டும் இரண்டாகத் தெரியும். கருவி விழுந்திருக்கிறது, உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (ப்ரிசம்) நகர்ந்திருக்கிறது. தூரத்துக் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பார்த்தபடி கருவியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இடது வட்டத்தில் தெரியும் கோடும் வலது வட்டத்தில் தெரியும் கோடும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் அந்தக் கருவியை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும். கொஞ்சம்தானே என்று விட்டால் பிள்ளையின் கண் தசை அந்த வித்தியாசத்தை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டப் பார்க்கும், தலைவலி அதனால்தான் வருகிறது. திருகாணியைத் திருகிச் சரிசெய்யப் போனால் இன்னும் கெடும்.

“ஒண்ணுமே தெரியலீங்க.” பெரும்பாலும் பறவையைப் பார்க்காமல் கருவியைப் பார்த்திருப்பார்கள். கண்ணைப் பறவையை விட்டு எடுக்காமல், தலையை ஆட்டாமல், கருவியை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். இதைக் குளத்தங்கரையில் சொல்லித்தர நேரம் இருக்காது. முந்தைய நாள் பள்ளி மைதானத்தில் இருபது நிமிடம் பழக்குங்கள். முதலில் 30 மீட்டரில் ஒரு தென்னங்குலை, பிறகு 60 மீட்டரில் கம்பத்தின் எண், கடைசியில் பறக்கும் காகம். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மதில், மரம் கிடைத்தால் சாய்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று, இந்த மாதிரியில் கண் பக்கத்துக் குழல்கள் இரண்டும் ஒரு பாலத்தில் ஏறி இறங்கித்தான் போகஸ் ஆகின்றன. பிள்ளைகள் ஆர்வத்தில் முகத்தோடு அழுத்துவார்கள். அழுத்தினால் பாலம் அசைந்து, தெளிவாக இருந்தது மங்கிவிடும். கருவி புருவத்தைத் தொட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை.

குளத்தில் எப்படி இருக்கிறது

கருவியின் தரத்தைப் பட்டியல் பார்த்துச் சொல்வதைவிடப் பறவையைப் பார்த்துச் சொல்லலாம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது மார்பைப் பாருங்கள். இரண்டு கறுப்புப் பட்டை முழுதாக இருந்தால் ஆண், ஒரே பட்டை, அதுவும் நடுவில் விட்டுப்போயிருந்தால் பெண். நாற்பது மீட்டரில் இந்தக் கருவியில் இது சிரமம் இல்லாமல் தெரிகிறது. சின்னக் கொக்கு சேற்றிலிருந்து காலைத் தூக்கும் நொடியில் கறுப்புக் காலின் நுனியில் மஞ்சள் விரல்கள் தெரியும். புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனி மஞ்சளும், அடியில் இருக்கும் சிவந்த பொட்டுகளும் அறுபது மீட்டரில்கூடப் பிரிந்து தெரிகின்றன. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய அடையாளங்கள் இவை. ஒரு பறவையில் ஒரு அடையாளத்தைக் கண்டுபிடித்த பிள்ளை அடுத்த பறவையில் தானாகவே அலகையும் காலையும் தேட ஆரம்பிக்கும். புத்தகத்தில் நூறு படம் காட்டினாலும் இந்தப் பழக்கம் வராது.

நிறம் நேர்மையாக இருக்கிறது. பள்ளிக்கு வாங்கும்போது இதைப் பலர் கவனிப்பதில்லை. மலிவு விலையில் முன் கண்ணாடி சிவப்பாக மினுக்கும் பைனாகுலர்கள் சந்தையில் நிறைய உண்டு. பார்க்கப் பகட்டாக இருக்கும். அந்தப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே எல்லாமே பச்சை, நீலம் சாய்ந்து தெரியும். தாழைக்கோழியின் சிவந்த நெற்றியும் செம்மூக்கு ஆள்காட்டியின் கண்ணருகே உள்ள சிவப்பும் மங்கிப்போனால் பிள்ளை எதைப் பார்த்துப் பெயர் சொல்லும்? “50×50”, “10 முதல் 30 மடங்கு” என்று எழுதி விற்பவற்றையும் தொடாதீர்கள். அவற்றில் புலம் குறுகலாக இருக்கும், படமும் இருண்டு ஆடும்.

குறையும் உண்டு. பளிச்சென்ற வானத்தின் முன் பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைப் பார்த்தால், உருவத்தின் ஓரத்தில் மெல்லிய ஊதா விளிம்பு தெரியும். வட்டத்தின் ஓரங்களில் தெளிவும் கொஞ்சம் குறையும். விலைக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பறவையை வட்டத்தின் நடுவில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பிரச்சினை இல்லை.

தூரம் வேறு விஷயம். திருப்பூர் நஞ்சராயன் குளம் 125 ஹெக்டேருக்கு மேல். தண்ணீர் நிறைந்திருக்கும்போது வாத்துக்கூட்டம் நடுவில் போய் நிற்கும். இருநூறு மீட்டருக்கு அப்பால் எட்டு மடங்கு போதாது, பத்து மடங்கும் போதாது. சேற்றோரம் ஓடும் சிறு உள்ளான்களையும் இதில் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே போகும் குழுவுக்கு முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி, 20 முதல் 60 மடங்கு வகையில், ஒன்றே ஒன்று இருந்தால் முப்பது பேருக்கும் போதும். ஆசிரியர் பறவையை நிறுத்தி வைக்க, பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கலாம். ஈரோடு வெள்ளோட்டில் கதை வேறு. அங்கே பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் அடையும், கூடும் கட்டும். நடைபாதையிலிருந்தே கூழைக்கடாவின் மேலலகில் வரிசையாக இருக்கும் புள்ளிகளை எட்டு மடங்கில் எண்ணலாம். முதல் பயணத்துக்கு வெள்ளோடுதான் நல்லது. வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் 2024இலும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டும் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் முன்னாலேயே கடிதம் கொடுத்துப் போவது முறை.

வெயில் எந்தப் பக்கம் என்று பாராமல் நின்றால் எந்தக் கருவியும் தோற்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நொய்யல் படுகையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் தண்ணீரைத் தடுக்கும் மண்கரை கிழக்கே அமைந்த குளங்கள் உண்டு. அப்படிப்பட்ட கரையில் காலையில் நின்றால் பறவைகள் மேல் வெயில் நேராக விழும், நிறமெல்லாம் தெரியும். அதே கரையில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான், பிள்ளைகள் கருவியோடு சூரியனை நோக்கித் திரும்பும் அபாயமும் சேரும். பைனாகுலர் வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் விழித்திரை கருகும். கருவியைக் கையில் கொடுக்குமுன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இது. பருந்து வட்டமிடும்போது ஆர்வத்தில் மேலே தூக்கிக்கொண்டே போவார்கள், அப்போதுதான் நடக்கும்.

ஐந்து மீட்டருக்குள் இருப்பதை இந்தக் கருவி காட்டாது. கரையோரம் எருக்கஞ்செடியில் உட்காரும் பட்டாம்பூச்சியும் தட்டானும் பார்க்க வேண்டுமானால் பின்னால் தள்ளித்தான் போகவேண்டும். பூச்சிகளுக்காகவே வேண்டுமென்றால் பென்டாக்ஸ் பப்பிலியோ 6.5×21 இருக்கிறது, அரை மீட்டர் வரை தெளிவாகக் காட்டும். ஆனால் காசு செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய கண்ணாடியில் கண்ணை வைத்து, கண் வைக்கும் சிறிய பக்கத்தை இலைக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோங்கள். அது நல்ல பூதக்கண்ணாடியாக மாறும். எறும்பின் உணர்கொம்பு, இறகின் இழைகள் எல்லாம் தெரியும். பறவை ஏதும் வராத வெயில் நேரத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போட இதைவிட நல்ல வேலை கிடையாது.

எத்தனை பேருக்கு எத்தனை

ஆளுக்கு ஒன்று தேவையில்லை. மூன்று பேருக்கு ஒன்று என்பதே சரியான அளவு. ஒருவர் பைனாகுலரில் பார்த்து அடையாளம் சொல்ல, இரண்டாமவர் எழுத, மூன்றாமவர் வெறும் கண்ணால் எண்ணுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் கடைசிப் பிள்ளைக்கு முறை வரும்போது பறவை பறந்துவிட்டிருக்கும், அந்தப் பிள்ளை கல்லெடுத்துத் தண்ணீரில் எறிய ஆரம்பித்துவிடும். கையில் நான்கு கருவிதான் என்றால் பன்னிரண்டு பேரை மட்டும் கூட்டிப்போங்கள், மற்றவர்கள் அடுத்த சனிக்கிழமை வரட்டும். முப்பதுக்கு மேல் ஒரே கரையில் நின்றால் பறவைகள் எதிர்க்கரைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை வெள்ளை யூனிஃபார்ம் போடும் பள்ளிகள் அன்றைக்கு மட்டும் மங்கலான நிற உடைக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கரைமேல் வரிசையாக வெள்ளை உடுப்பு நகர்வதைப் பறவைகள் வெகு தூரத்திலேயே கண்டுகொள்ளும்.

எண்ணுவதில் ஒரு முறை சொல்லித்தரலாம். இருநூறு நாமக்கோழிகளை ஒவ்வொன்றாக எண்ணினால் பாதியில் தப்பும். முதலில் பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவு இடங்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நோட்டில் இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை ஆகியவை இருந்தால் அதை அப்படியே பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் ஏற்றிவிடலாம். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்புக்கும் இதே நோட்டு போதும். பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருப்பதால், அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரங்கள் நல்ல சமயம்.

மருதமலை, ஆனைகட்டி, பேரூருக்கு மேற்கே மலையடிவாரம் என்று விடியற்காலை பிள்ளைகளோடு நடப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. யானை வரும் வழிகள் அவை. 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் ஆனைகட்டியில் இருக்கிறது. அங்கே போகும் பயணமாக இருந்தால் அவர்களோடு பேசி, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போகலாம். ஊர்க்குளங்களிலும் பிள்ளைகள் கரையை விட்டு இறங்கக் கூடாது. ஆகாயத்தாமரை மூடிய இடம் தரை மாதிரி தெரியும், அடியில் இடுப்பளவு சேறு இருக்கும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

இது தண்ணீர் புகாத கருவி அல்ல. வாங்கும் பள்ளிகள் இதைத் தெரிந்தே வாங்கவேண்டும். ஐப்பசி மழையில் பத்து நிமிடம் நனைந்தால் உள்ளே ஆவி படியும், துடைக்க வழி கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாலித்தீன் பையைக் கொடுத்துவிடுங்கள், தூறல் விழுந்ததும் உள்ளே போகட்டும். நனைந்துவிட்டால் மூடிகளைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வைக்கவேண்டும். நனைந்ததை அப்படியே உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டுக் கோடை விடுமுறை முடிந்து எடுத்தால் கண்ணாடியின் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும், அதோடு அந்தக் கருவியின் ஆயுள் முடிந்தது. சமவெளிப் பள்ளிகளுக்கு இந்தப் பயம் குறைவு, வால்பாறைப் பள்ளிகளுக்கு மிக அதிகம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் போதும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுகாட்டி நீலமாக்கித் திரும்பப் போடலாம். அரிசி போட்டு வைக்க வேண்டாம், மாவுத்தூசி கண்ணாடியில் ஏறும்.

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். நம் செம்மண் தூசி மணல்தான், துடைத்தால் கோடு விழும். முதலில் காற்றுப் பந்தால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, கடைசியில் வாயால் ஆவி ஊதி லென்ஸ் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்கலாம். கண் வைக்கும் ரப்பர் கிண்ணங்களை ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், ஸ்பிரிட் கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஐ பரவும் வாரங்களில் கருவியைப் பகிர வேண்டாம். கண் சிவந்த பிள்ளை எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

முன் மூடிகள் தொலைவதில் இந்தக் கருவிக்கு விலக்கில்லை. வாங்கியதும் நைலான் நூலால் வாரோடு கட்டிவிடுங்கள்.

கருவி வந்ததும் ரசீதை எழுதுமுன் கடையிலேயோ பள்ளி வாசலிலேயோ செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிடம் பிடிக்கும். வெள்ளைத் தாளில் ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஐந்தாறு எண்களை அச்சிட்டு, 50 மீட்டர் தள்ளி நிழலில் ஒட்டி, கருவியை மேசையில் ஊன்றிப் படியுங்கள். நல்ல கருவியில் எண்கள் திணறாமல் தெரியும். பிறகு கூரை விளிம்புச் சோதனையைச் செய்யுங்கள். கீலை மடக்கி விரித்து எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறதா, சக்கரம் வழுக்காமல் சுற்றுகிறதா பாருங்கள். முன் கண்ணாடி வழியே வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே தூசி, கீறல் இருக்கிறதா தேடுங்கள். பத்தில் ஒன்று தேறாவிட்டாலும் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் உத்தரவாத அட்டையையும் பள்ளி இருப்புப் பதிவேட்டில் சேர்த்து, கருவியின் மேல் 1, 2, 3 என்று பெயிண்டால் எழுதிவிட்டால், எது விழுந்தது, எது யாரிடம் போனது என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.